மாண்ட்ரியலில் மதியம், பாரிஸில் இரவு

மாண்ட்ரியலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என்ர மகளின்ர பள்ளிக்கூடத்தில ‘தினே’ எண்டா மத்தியானச் சாப்பாடு. பாரிஸில இருக்கிற அக்கா வீட்டில ‘தினே’ எண்டா இரவுச் சாப்பாடு. ரெண்டு இடத்திலயும் பிரெஞ்சுதானே, எது சரி?”

இரண்டும் சரிதான். ஆனால் வயதில் மூத்தது மாண்ட்ரியல் வழக்கு. மாண்ட்ரியல் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும், பெல்ஜியத்திலும் ஸ்விட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசும் பகுதிகளிலும் காலையில் தெஜுனே, மதியம் தினே, மாலையில் சுப்பே. பிரான்ஸிலேயே பல கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் இப்படித்தான் சொல்வார்கள். பாரிஸிலோ எல்லாம் ஒரு படி தள்ளியிருக்கிறது. மதியம் தெஜுனே, இரவு தினே. காலைக்கு ‘பெத்தி தெஜுனே’, அதாவது சின்ன தெஜுனே. சுப்பே பாவம், நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் சாப்பிடுவதற்கான பெயராக ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

எப்படித் தள்ளிப்போனது? ஆறு மணிக்கு எழுந்து, பத்து மணிக்கு தினே, மாலை ஆறுக்கு சுப்பே, இரவு பத்துக்குப் படுக்கை, இப்படி இருந்தால் நூறு வயது வாழலாம் என்று பிரெஞ்சில் ஒரு பழைய பழமொழி உண்டு. காலை பத்து மணிக்கு தினே! அன்றைக்கு அதுதான் நாளின் முக்கியச் சாப்பாடு. பிறகு பாரிஸின் வசதி படைத்தவர்கள் தூங்கும் நேரமும் எழும் நேரமும் பிந்திக்கொண்டே போயின. மெழுகுவர்த்திக்குச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. 18-ஆம் நூற்றாண்டில் தினே பிற்பகலுக்குப் போனது, 19-ஆம் நூற்றாண்டில் மாலைக்கே வந்துவிட்டது. அதுவரை வயிறு சும்மா இருக்குமா? காலையில் ஒரு வாய் ரொட்டியாக இருந்த தெஜுனேவுக்கு ஒரு கனமான தம்பி பிறந்தான்: முற்பகல் பதினொன்று மணிவாக்கில், இறைச்சியோடு, ‘முள்கரண்டி தெஜுனே’ என்று பெயர். அவன் மதியத்தைப் பிடித்துக்கொண்டதும், பழைய காலை ரொட்டியை வேறுபடுத்திக் காட்ட ‘சின்ன’ என்ற அடைமொழி வேண்டியதாயிற்று. நெரிசல் பேருந்தில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தால் வரிசை முழுவதும் தள்ளி உட்கார்வதுதான் இது. மொழியியலில் இதைச் சங்கிலி நகர்வு என்பார்கள்.

கியூபெக் 1763-இல் பிரான்ஸிடமிருந்து பிரிட்டனின் கைக்குப் போனது. பாரிஸில் தினே நகர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் அங்கே தொடர்பு அறுந்தது. பெல்ஜியத்துக்கோ ஸ்விட்சர்லாந்துக்கோ பாரிஸிலிருந்து போக நடுவில் கடல் கிடையாது என்றாலும், பாரிஸ் பணக்காரரின் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய அவசியம் அவர்களுக்கும் இல்லை. விடியற்காலையில் வயலில் இறங்கியவன் மாலை ஆறு வரை தினேவுக்குக் காத்திருப்பானா?

இதுவரை சொன்னது சமூக வரலாறு. எனக்கு உண்மையில் பிடித்தது இதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதை. தெஜுனேவும் தினேவும் ஒரே சொல்! ஒரே வினைச்சொல் இரண்டாக உடைந்து, இரண்டு துண்டும் தனித்தனிச் சொல்லாக வாழ்கின்றன.

மூலம், பேச்சு லத்தீனில் வழங்கிய ‘திஸ்யுனாரே’, நோன்பை முறித்தல். (இதில் உள்ள ‘வெறும் வயிறு’ என்ற வேரைப் பள்ளி உயிரியலில் எல்லோரும் படித்திருக்கிறோம். சிறுகுடலின் நடுப்பகுதி ஜெஜுனம். உடலை அறுத்துப் பார்த்த அந்தக்கால மருத்துவர்கள் அந்தப் பகுதி காலியாகவே கிடக்கக் கண்டு வைத்த பெயர்.) லத்தீனில் ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் அழுத்திச் சொல்வார்கள். வினையின் விகுதி மாறினால் அழுத்தம் விழும் இடமும் மாறும். ‘நோன்பு முறிக்க’ என்று சொல்லும்போது அழுத்தம் ‘னா’ மேல்: திஸ்யு-னா-ரே. ‘அவன் நோன்பு முறிக்கிறான்’ என்னும்போது அழுத்தம் ‘யு’ மேல்: திஸ்-யு-னத். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பேச்சு வழக்கில் அழுத்தம் பெற்ற அசை பிழைக்கும், பக்கத்தில் அழுத்தமில்லாமல் நிற்பது தேயும். நாமே ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை ‘வந்துட்ருக்கேன்’ என்று விழுங்கவில்லையா? அப்படி, முதல் வடிவத்தில் ‘யு’ காணாமல் போய் ‘திஸ்னே’ ஆனது. இரண்டாவதில் ‘யு’ தப்பித்து ‘தெஸ்ஜுன்’ ஆனது. ஆக, பழைய பிரெஞ்சில் ‘நான்’, ‘அவன்’ என்றால் ஓர் அடிச்சொல், ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்றால் இன்னோர் அடிச்சொல். வினை ஒன்று, முகம் இரண்டு.

இப்படி இரட்டை முகம் கொண்ட வினைகள் அந்த மொழியில் நிறைய இருந்தன. ‘பேசு’ என்பதற்கும் நான் என்றால் ‘பரோல்’, நாங்கள் என்றால் ‘பர்லோன்’. அவற்றில் பெரும்பாலானவற்றை மக்கள் காலப்போக்கில் ஒரே அடிச்சொல்லாகச் சமன்செய்துவிட்டார்கள். இந்த வினைக்கோ வேறு விதி. இரண்டு அடிச்சொல்லையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முழு வாய்பாட்டையும் கட்டிக் கொடுத்தார்கள். இப்போது கையில் ஒரே பொருள் தரும் இரண்டு வினைகள். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைக்க மொழிக்கு மனம் வராது. ஒன்று பெரிய சாப்பாட்டுக்குப் போனது, மற்றது விடியற்காலை ஒரு வாய்க்கு.

இரண்டிலும் ‘காலை’ என்றோ ‘மதியம்’ என்றோ ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘வெறும் வயிற்றை முடித்துவை’ என்பது மட்டுமே பொருள். அதனால்தான் மணி நகர்ந்தபோது பெயர்களும் முனகாமல் கூடவே நகர்ந்தன. நேரத்தைச் சொல்லும் பெயர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. ஜெர்மன் மொழியில் மதியச் சாப்பாட்டின் பெயரிலேயே மதியம் இருக்கிறது, அதை இரவுக்குத் தள்ள முடியாது.

நம் பக்கமும் நோன்பு முறிக்கும் பெயர்கள் உண்டு. செட்டிநாட்டிலும் மலேசியத் தமிழரிடமும் ‘பசியாறியாச்சா?’ என்றால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதாகப் பொருள். ஆம்பூர், வேலூர், சென்னைப் பக்கத்து ‘நாஷ்டா’ உருது வழியாக வந்த பாரசீகச் சொல். பாரசீகத்தில் அதற்கு வெறும் வயிற்றோடு இருப்பது என்று அர்த்தம்.

தினே இங்கிலாந்துக்குப் போய் ‘டின்னர்’ ஆயிற்று. அங்கேயும் அதே நகர்வு: மதியத்தில் இருந்தது மேல்தட்டு வீடுகளில் மாலைக்குப் போனது. இங்கிலாந்தின் வடக்கே பல வீடுகளில் இன்றும் டின்னர் என்றால் மதியம், மாலைச் சாப்பாட்டுக்கு ‘டீ’ என்று பெயர். காலியான மதியத்தை இங்கிலாந்தில் ‘லஞ்ச்’ நிரப்பியது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களிடம் அதை நிரப்பிய சொல்தான் ‘டிபன்’. ஆமாம், நம்ம டிபன், பாரிஸையும் லண்டனையும் ஆட்டிய அதே சங்கிலியின் ஒரு கண்ணி.

தமிழுக்கு வந்ததும் டிபன் நேரத்தையே உதறிவிட்டது. ஓட்டலில் உட்கார்ந்தவுடன் ‘சாப்பாடா, டிபனா?’ என்று கேட்பார்கள். கேள்வி மணியைப் பற்றியதல்ல, சோற்றைப் பற்றியது. சோறு இருந்தால் சாப்பாடு. இட்லி, தோசை, பூரி என்றால் காலை ஏழுக்கும் டிபன், இரவு ஒன்பதுக்கும் டிபன். வெண்பொங்கல் அரிசிதான், ஆனாலும் டிபன்! ஏன் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இது வெறும் சுவாரசியம் என்று நினைத்தால், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ‘சாப்பிட்டீங்களாம்மா?’ ‘இல்லப்பா, ரெண்டு இட்லி மட்டும்தான்.’ அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் சாப்பாடு சாப்பிடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு மட்டும் அன்றைக்குத் தப்பாக வரும்.

உணவு ஆய்வுகளில் இந்தச் சிக்கல் ஆயிரக்கணக்கான பேரால் பெருக்கப்படும். ‘நேற்று டின்னருக்கு என்ன?’ என்ற கேள்விக்கு ஒருவர் மதியத்தையும் மற்றவர் இரவையும் சொன்னால் அட்டவணை என்ன ஆகும்? அமெரிக்காவின் தேசிய உணவு ஆய்வில் முந்தைய நாள் உண்டதையெல்லாம் முதலில் பட்டியலிட்டுவிட்டு, எத்தனை மணிக்கு, அதை என்னவென்று அழைப்பீர்கள் என்று தனியாகக் கேட்கிறார்கள். ஸ்பானிஷ் பேசுவோர் சொல்லும் அல்முவெர்சோ, கொமிதா, மெரியெந்தா, சேனா எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறியீடு. அல்முவெர்சோவை லஞ்ச் என்று மொழிபெயர்த்து முடித்துவிடவில்லை. மெக்சிகோவில் பலருக்கு அது முற்பகல் சாப்பாடு, வேறு பல நாடுகளில் மதியச் சாப்பாடு.

பிரான்ஸில் எட்மோன் எட்மோன் (Edmond Edmont) என்ற மளிகைக் கடைக்காரர், காது கூர்மை என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் சைக்கிளில் சுற்றினார். 639 ஊர்களின் பேச்சைக் குறித்துக்கொண்டு வந்தார். எந்த ஊரில் எந்தச் சொல் என்று குறித்துக் காட்டும் பிரெஞ்சு மொழி நிலவரைபடம் அதிலிருந்து பிறந்தது. தமிழ் எவ்வளவு பழையது என்று நிரூபிக்கக் கேட்டால் நம்மிடம் பணமும் மேடையும் கிடைக்கும். பசியாறுதல் எந்த ஊரில் முடிந்து நாஷ்டா எந்த ஊரில் தொடங்குகிறது என்று குறிக்க ஒருவர் பேருந்துச் செலவு கேட்டால் சிரிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சொற்களைச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கும்போதே அந்தச் செலவைக் கொடுத்துவிடலாம்.