சொல் விளக்கம்: மசோதா

நாளிதழ்கள் 'மசோதா' என்று எழுதுவதைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 'சட்டமுன்வடிவு' என்கிறது. தாள் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு.

மசோதாவின் மூலம் 'முசவ்வதா' என்னும் அரபுச் சொல். உருது வழியாக நம்மிடம் வந்தது. அதன் வேர் கறுப்பைக் குறிக்கும். 'கறுப்பாக்கப்பட்டது' என்பது நேர்ப்பொருள். அடித்தும் திருத்தியும் வரிகளுக்கிடையே நுணுக்கி எழுதியும் மையேறிப்போன முதற்படியைக் கண்முன் கொண்டுவாருங்கள், அதுதான் மசோதா. பிழை நீக்கிச் சுத்தமாகப் படியெடுத்ததற்கு அரபில் 'வெளுக்கப்பட்டது' என்று பொருள்படும் சொல் உண்டு. அது நம்மிடம் வந்து சேரவில்லை.

சில மசோதாக்கள் வெளுக்க நெடுங்காலம் ஆகும். புதுக்கோட்டையில் பிறந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு 1927இல் அதன் துணைத்தலைவரானார். கோயிலில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்று தேவதாசிகளுக்கு இருந்த கட்டு, அவர் முயற்சியால் 1929இல் சட்டத்திருத்தத்தின் மூலம் அவிழ்ந்தது. முதலில் நிலத்தை விடுவித்துவிட்டுப் பிறகு வழக்கத்தில் கைவைத்தாரே, அந்த வரிசையில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் இத்தகையதைத் 'தனிநபர் மசோதா' என்பார்கள். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். ('ராஜினாமா'வும் பாரசீகச் சரக்குதான்; முதலில் அதற்கு 'சம்மதப் பத்திரம்' என்று பொருள்!) பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. பதினேழு ஆண்டுகள்.

தமிழில் எதைச் சொல்வது? 'சட்டமுன்வடிவு' பிழையில்லாதது, ஆனால் பேச்சில் நாக்கு இடறும். எனக்குச் 'சட்டவரைவு' பிடிக்கும். வரைதல் என்றால் எழுதுதல், கோடிடுதல். எல்லை வகுப்பதும் அதற்குள் அடங்கும். அகப்பாடல்களில் 'வரைவு' என்றால் திருமணம். நாள் கடத்தும் தலைவனைத் தோழி நெருக்குவது 'வரைவு கடாதல்'. சட்டமன்றங்களுக்கும் அப்படியொரு தோழி தேவைப்படுகிறது.

ஓர் எச்சரிக்கை: 'சட்டவரைவு தாக்கல்' என்று எழுதினால் பாதிக்கிணறுதான் தாண்டியிருக்கிறோம். 'தாக்கல்' என்பதும் அரபிலிருந்து வந்ததே. 'சட்டவரைவை அறிமுகம் செய்தார்' என்றால் போதும். அதிலுள்ள 'அறிமுகம்' நல்ல தமிழ்.