டிரான்ஸீவர்: அனுப்புநரும் பெறுநரும் ஒரே கூட்டில்

பள்ளியில் கடிதம் எழுதிப் பழகிய யாருக்கும் இரண்டு சொற்கள் மறக்காது. மேலே 'அனுப்புநர்', அதற்குக் கீழே 'பெறுநர்'. தாள் ஒன்றுதான், ஆள் இரண்டு. கணினி வலையமைப்பில் தரவை அனுப்பவும் வாங்கவும் அந்த இரண்டு பேரையும் ஒரு விரல் நீளமுள்ள உலோகக் கூட்டுக்குள் அடைத்துவிட்டால் அதற்குப் பெயர் டிரான்ஸீவர்.

தரவு மையத்தில் வேலை பார்க்கிறவர்கள் வாயில் இந்தச் சொல் அதிகம் வராது. "அந்த எஸ்எஃப்பியைக் கழற்றி மாட்டு", "மாட்யூல் போயிடுச்சு" என்பதுதான் பேச்சு; இரண்டும் இதே கூட்டைத்தான் சொல்கின்றன. கொள்முதல் தாளிலும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சின் கட்டளைத் திரையிலும் மட்டும் முழுப்பெயர் எட்டிப் பார்க்கும். பேச்சில் விட்டுவிடுவதாலேயே அதன் பொருளையும் விட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம். வேகத்தை உயர்த்தும்போது நடக்கிற பாதிச் சொதப்பல்களுக்கு அதுதான் காரணம்.

சொல் வானொலிக்காரர்களுடையது. ஆங்கிலத்தின் 'டிரான்ஸ்மிட்டர்' தலையையும் 'ரிசீவர்' வாலையும் ஒட்டிச் செய்தது. மோடம், கோடெக் எல்லாம் இதே ஒட்டுவேலைதான். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'மிட்டெரே' என்றால் அனுப்புதல், 'காபெரே' என்றால் பிடித்தல், கொள்ளுதல். ஒட்டுகிற இடத்தில் வெட்டுப்பட்டுப் போனது 'மிட்'. அனுப்புதலைச் சொல்ல வேண்டிய துண்டே காணாமல் போய், அப்பாலும் கொள்ளுதலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆங்கிலச் சொல் துல்லியமானது, தமிழில்தான் இழுத்துப் பிடித்துச் செய்கிறோம் என்று சொல்பவர்களுக்கு இதை நான் காட்டுவதுண்டு.

கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறைக்குள் இது தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1983-இல் தரப்படுத்தப்பட்ட 10பேஸ்5 முறையில், தடித்த கோஆக்ஸியல் கேபிள் ஒன்று 500 மீட்டர் வரை ஓடும். அதில் 2.5 மீட்டருக்கு ஒரு குறி. குறி இருக்கும் இடத்தில் துளையிட்டு, கேபிளின் மேலேயே ஒரு பெட்டியைக் கவ்வவிடுவார்கள். அந்தப் பெட்டிதான் டிரான்ஸீவர். அங்கிருந்து கணினிக்குத் தனிக் கம்பி வரும். 1990-இல் 10பேஸ்-டி வந்தது. பெட்டி கணினி அட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கிகாபிட் காலத்தில் மறுபடி வெளியே வந்து, ஜிபிக் என்ற கழற்றி மாட்டும் கூடு ஆனது. அது சிறுத்து எஸ்எஃப்பி, பிறகு 10ஜிக்கு (வினாடிக்கு 10 கிகாபிட்) எஸ்எஃப்பி+, 25ஜிக்கு எஸ்எஃப்பி28, நான்கு தடங்களைச் சேர்த்துக் கட்டி 40ஜிக்குக் க்யூஎஸ்எஃப்பி+, 100ஜிக்குக் க்யூஎஸ்எஃப்பி28.

இவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். ஒரு பக்கம் மின்குறியை ஒளியாக்கும் லேசர், மறுபக்கம் ஒளியை மின்குறியாக்கும் டயோடு. போலீஸ்காரர் கை வாக்கிடாக்கியில் பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு. இங்கே அந்த மாற்றுமுறை கிடையாது; இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். பல மாட்யூல்களின் வாயருகே வெளியே பார்த்த முக்கோணம் ஒன்றும் உள்ளே பார்த்த முக்கோணம் ஒன்றும் பொறித்திருக்கும். அனுப்புநர், பெறுநர் முகவரி அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'செலுத்தேற்பி', 'அனுப்பேற்பி' என்றெல்லாம் கட்ட முடியும், இலக்கணத்தில் குற்றமில்லை. ஆனால் 'ஏற்பி' என்றவுடன் உயிரியல் படித்தவர்களுக்குச் செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதம் நினைவுக்கு வரும். கொடுக்கல் வாங்கலை வைத்துக் 'கொடுவாங்கி' என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்குக் கொடுவா மீன்தான் கண்ணில் வந்தது. 'வாங்கி' மட்டும் நல்ல துண்டு. மைக்குக்கு 'ஒலிவாங்கி' என்று நாம் ஏற்கெனவே புழங்குகிறோம். அதனால் என் கை 'அனுப்புவாங்கி' என்ற சொல்லுக்கே போகிறது; ஒளிக்கு என்றால் 'ஒளி அனுப்புவாங்கி'. போக்கு முன்னே வரத்து பின்னே என்று நம்மவர்கள் 'போக்குவரத்து' என்ற சொல்லை எப்போதோ கட்டிவிட்டார்கள். அதே அச்சுதான் இது. வெட்டுப்பட்ட 'மிட்'டும் தமிழில் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இனி வேலைக்கு வருவோம். 10ஜியில் ஓடும் ஓர் அறையை 100ஜிக்கு உயர்த்த வேண்டும் என்று வையுங்கள். சாதனங்களை அடுக்கும் ரேக்குகளுக்கு இடையே நீலப்பச்சை நிற ஓஎம்3 ரக மல்டிமோட் கண்ணாடி இழை, இழைக்கு ஒரு சிறு செருகியாக இரட்டை எல்சி முனைகள், நீளம் 90 மீட்டர். குறுந்தூர மாட்யூலான 10ஜி எஸ்ஆர் இந்த இழையில் 300 மீட்டர் போகும் என்பதால் இத்தனை நாள் யாரும் நீளத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. அதன் 100ஜி வடிவமான எஸ்ஆர்4-க்கு அதே இழையில் எல்லை 70 மீட்டர். வேகம் பத்து மடங்கு, தூரம் கால்வாசிக்கும் கீழே. அகன்ற நடுவம் கொண்ட மல்டிமோட் இழையில் ஒளி பல வழிகளில் சிதறிப் போகும்; எல்லா வழியும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. ஒவ்வொரு பிட்டும் ஒல்லியாக ஆக, முன்னது பின்னதன் மேல் விழுந்து குழம்பும். போதாததற்கு எஸ்ஆர்4 கேட்பது இரண்டு இழை அல்ல, எட்டு: நான்கு அனுப்ப, நான்கு வாங்க. முனையும் எல்சி அல்ல, பல இழைகளை ஒன்றாகச் செருகும் எம்பிஓ.

இருக்கிற இரண்டு இழையிலேயே 100ஜி ஓட்டும் பைடி மாட்யூல்கள் உண்டே என்பார்கள். உண்டுதான். ஓஎம்3-இல் அவற்றுக்கும் ஏறக்குறைய அதே எல்லைதான், 90 மீட்டருக்குத் தேறாது. ஆகவே ஒளி ஒரே வழியில் போகும் புதிய மஞ்சள் சிங்கிள்மோட் இழை இழுத்து, 2 கிலோமீட்டர் போகும் சிடபிள்யூடிஎம்4 மாட்யூல் போடுவதே அங்கே என் தேர்வு. இரண்டு இழை போதும், எல்சி முனையும் மாறாது. மாட்யூல் விலையை மட்டும் பார்ப்பவர்கள் எஸ்ஆர்4 மலிவு என்பார்கள். எட்டு இழைக் கேபிளின் விலை அந்தக் கணக்கில் இருக்காது.

சிங்கிள்மோட் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சிடபிள்யூடிஎம்4 நான்கு நிறங்களில், அதாவது 1271, 1291, 1311, 1331 நானோமீட்டர் அலைநீளங்களில், ஆளுக்கு 25ஜி அனுப்பும். 100ஜி டிஆர் ஒரே அலைநீளத்தில் முழு 100ஜியையும் நான்கு அடுக்கு வெளிச்ச அளவுகளாக அனுப்பும். நெடுந்தூரத்துக்கான எல்ஆர்4-இன் நான்கு நிறங்களோ வேறு. மூன்றும் ஒரே கூடு, ஒரே எல்சி வாய், ஒரே மஞ்சள் வயர். ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் இன்னொன்றும் போட்டால் விளக்கு எரியாது. வழியில் சிதைந்த பிட்டுகளைச் சரிசெய்யும் பிழைதிருத்தமும் (எஃப்இசி) அப்படித்தான்: எஸ்ஆர்4-உம் சிடபிள்யூடிஎம்4-உம் எஃப்இசி கேட்கும், எல்ஆர்4 கேட்காது. ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் அணைத்திருந்தால் அரைநாள் போய்விடும்.

எம்பிஓ விஷயத்தில் நானே மாட்டியிருக்கிறேன். ஓர் இரவு, 40ஜி மாற்றம். மாட்யூல்கள் சரி, இழை சரி, நீளம் சரி. சுவிட்சில் மாட்யூல் அளவுகளைக் கேட்டேன். அனுப்பும் பக்கம் நான்கு தடமும் ஆரோக்கியமாக மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு; எண் இறங்க இறங்க ஒளி மங்கும்). வாங்கும் பக்கம் நான்கிலும் மைனஸ் 40. அது வெறும் இருட்டு, 0.1 மைக்ரோவாட்டுக்குக் கீழே எண்ணிச் சொல்ல அந்த அளவுமுறையில் இடமில்லை. மறுமுனைக்குப் போனால் அங்கேயும் அதே கதை. எம்பிஓவில் பன்னிரண்டு இடம், முதல் நான்கில் அனுப்புவது, கடைசி நான்கில் வாங்குவது, நடுநான்கு சும்மா. இரண்டு மாட்யூல்களை நேரடியாகக் கோக்க வேண்டுமானால் கேபிளில் 1 போய் 12-இல் முடிய வேண்டும். வந்திருந்தது 1 போய் 1-இல் முடியும் கேபிள். இரண்டு பக்க அனுப்புநர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள், இரண்டு பெறுநர்களும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆர்டரை எழுதியது நான்தான், 'எம்பிஓ கேபிள் 10 மீ' என்று மட்டும். (முனையில் ஊசி உள்ளது, இல்லாதது என்ற பிரிவும் உண்டு, மாட்யூலுக்குள் ஊசி இருக்கும், ஆகவே கேபிளில் இருக்கக் கூடாது.)

வாங்குகிறவனுக்கு வெளிச்சம் குறைந்தால்தான் சிக்கல் என்று நினைப்பதும் பொதுப் பிழை. நெடுந்தூர மாட்யூலான 10ஜி எல்ஆர் குறைந்தது மைனஸ் 8.2 டிபிஎம் அனுப்பும், மைனஸ் 14.4 வரை மங்கினாலும் படித்துவிடும். இடையில் 6.2 டெசிபல் இழக்கலாம். 10 கிலோமீட்டர் இழைக்குச் சுமார் 4 போனால் மீதிதான் இணைப்புகளுக்கு. 80 கிலோமீட்டர் இசட்ஆர் வேறு ரகம். அது ப்ளஸ் 4 வரை அனுப்பும், வாங்கும் பக்கமோ மைனஸ் 7-க்கு மேல் தாங்காது. சோதித்துப் பார்க்கலாம் என்று மேசைமேல் ஒரு மீட்டர் வயரில் இரண்டு இசட்ஆரைக் கோத்தால் பெறுநரின் கண் கூசும், கெட்டும் போகலாம். நடுவே 11 டெசிபலாவது தணிக்கும் அட்டெனுவேட்டர் வேண்டும். இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுடும். வாயில் வெளிச்சம் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள்.

400ஜிக்குப் போகிறவர்கள் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். க்யூஎஸ்எஃப்பி28 ஒன்று சுமார் மூன்றரை வாட் தின்னும், 400ஜி மாட்யூல் பன்னிரண்டைத் தொடும். 32 வாய் கொண்ட சுவிட்சுக்குப் பெருக்கிப் பாருங்கள். 400ஜி கூடுகளில், க்யூஎஸ்எஃப்பி-டிடி வாயில் பழைய க்யூஎஸ்எஃப்பி28 உட்காரும், ஓஎஸ்எஃப்பி வாயில் நேராக உட்காராது. பழையதும் புதியதும் கொஞ்ச காலம் சேர்ந்து ஓடவேண்டிய இடத்தில் இந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானித்துவிடும். மாட்யூலின் நினைவகத்தில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைப் பார்த்து 'இது என் பிள்ளை இல்லை' என்று மறுக்கும் சுவிட்சுகளும் உண்டு. ஆர்டர் போடுமுன் விற்பவரிடம் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

இப்போது ஒளிப்பகுதியைச் சுவிட்ச் சில்லின் பக்கத்திலேயே, ஒரே உறையில் வைக்கும் முறை வந்துகொண்டிருக்கிறது. என்விடியா 2025-இல் அப்படிப்பட்ட சுவிட்சுகளை அறிவித்தது. கேபிள் மேலிருந்து அட்டைக்குள் போய், வெளியே வந்து, இப்போது மறுபடி உள்ளே போகிறது பெட்டி. அது வரும்வரை என் கொள்முதல் தாளில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: 'இங்கே அனுப்புவது', 'அங்கே வாங்குவது'. அலைநீளம், இழை, நீளம், முனை, எஃப்இசி இரண்டிலும் நிரம்பினால்தான் கையெழுத்து. கேபிளுக்கும் ஒரு வரி உண்டு, 1 எங்கே போய் முடிகிறது என்பதோடு.