நெபுலா: விண்முகிலா, விண்மஞ்சா?

விண்வெளியில் முகில்போல் தெரியும் நெபுலாவைத் தொலைநோக்கியில் முதல்முறை பார்ப்பவர்களில் பலர், கண்ணருகு வில்லையில் மூச்சுக்காற்று படிந்துவிட்டதோ என்று துடைத்துப் பார்ப்பார்கள். படங்களில் கண்ட சிவப்பும் நீலமும் இருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு புகைத்திட்டு, அவ்வளவுதான். பேர் வைத்தவர்கள் கண்டதும் அதைத்தான்.

லத்தீனில் நெபுலா என்றால் மூடுபனி, மெல்லிய மேகம். ஜெர்மனில் மூடுபனிக்கு நேபெல், கிரேக்கத்தில் மேகத்துக்கு நெஃபெலே, சமஸ்கிருதத்தில் வானத்துக்கும் மேகத்துக்கும் நபஸ். எல்லாம் ஒரே வேர். 'நபோமண்டலம்' என்று எங்காவது படித்திருந்தால், அது நெபுலாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

தொடக்கத்தில் இந்தச் சொல் ஒரு பொருளைக் குறிக்கவில்லை, பார்வைக்கு எப்படித் தெரிகிறது என்பதையே குறித்தது. மங்கலாகத் தெரிந்ததெல்லாம் நெபுலா. கடக ராசியில் இருந்த அப்படியொரு திட்டை கலிலியோ தொலைநோக்கியில் பார்த்தார். 40க்கும் மேற்பட்ட விண்மீன்களாக அது பிரிந்தது என்று 1610இல் எழுதினார். வால்மீன் தேடிய சார்ல் மெசியே, வால்மீன் என்று ஏமாற்றும் திட்டுகளைப் பட்டியலிட்டார். 1781இல் அது 103 ஆனது. இன்று 110 என்று எண்ணப்படும் அந்தப் பட்டியலில் உண்மையான நெபுலாக்கள் ஒரு டஜன்தான் தேறும். மற்றவை விண்மீன் கொத்துகளும் பேரடைகளும் (கேலக்ஸிகளும்). ஆண்ட்ரோமெடாவும் நெபுலாவாகத்தான் இருந்தது. 1923இல் எட்வின் ஹப்பிள் அதில் தூரத்தை அளக்க உதவும், ஒளி சீராகக் கூடிக் குறையும் ஒரு செபீட் மாறுவிண்மீனைக் கண்டுபிடித்துத் தூரத்தைக் கணக்கிட்ட பிறகு, அது நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனிப் பேரடை என்று தெளிவானது. பழைய புத்தகங்களில் 'ஆண்ட்ரோமெடா நெபுலா' என்று இருந்தால் திருத்திப் படியுங்கள்.

இன்று நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வாயுவும் தூசியும். வித்தியாசத்தை நாமே சோதிக்கலாம். சூடான ஆக்சிஜன் வாயுவின் ஒளியை மட்டும் விடும் ஆக்சிஜன்-3 ஃபில்டரை மாட்டி, மெசியே பட்டியலில் 57ஆவதான எம்57 வளைய நெபுலாவைப் பாருங்கள். பின்னணி கறுத்து, வளையம் தூக்கலாகத் தெரியும். அதே ஃபில்டரில் ஆண்ட்ரோமெடா மங்கிப்போகும். சூடான வாயு சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் ஒளிர்கிறது, அதில் ஒன்றிரண்டைத்தான் ஃபில்டர் விடுகிறது. விண்மீன் ஒளியோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பது. வில்லியம் ஹக்கின்ஸ் 1864இல் நிறமாலை வழியே ஒரு நெபுலா வாயுதான் என்று காட்டியதும் இதே அடிப்படையில்தான்.

சரி, தமிழில்? விண்முகில், ஒண்முகில் இரண்டும் புழங்குகின்றன. ஒண்முகில் என்றால் ஒளியுள்ள முகில். குதிரைத்தலை போன்ற இருண்ட நெபுலாவை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகவே விண்முகில். உண்மையில் முகிலையும் மூடுபனியையும் சேர்த்தே குறிக்கும் 'மஞ்சு' லத்தீன் சொல்லுக்கு இன்னும் நெருக்கம். ஆனால் விண்மஞ்சு என்றால் யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்றுதான் நினைப்பார்கள்.

'கோள் நெபுலா' என்பதில்தான் சிக்கல். வில்லியம் ஹெர்ஷல் கண்ணுக்குச் சில நெபுலாக்கள் கோளின் வட்டத்தட்டு போலத் தெரிந்ததால் 1780களில் அந்தப் பெயர் வைத்தார். கோளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சாகும் விண்மீன் உதறிய வாயு அது. 'கோள்வடிவ விண்முகில்' என்று எழுதினால், வடிவத்தை மட்டும் சொன்னதாகவாவது இருக்கும்.