டைட்டனைட்: வைரத்தை மிஞ்சும் வண்ணச் சிதறலும் எளிதில் கீறப்படும் மேனியும்

இரத்தினக்கற்களைப் பரிசோதிக்கும் பணியில் என்னிடம் வந்து சேரும் டைட்டனைட் கற்களில் பல, மோதிரத்தில் பதிக்கப்பட்டு, பட்டைகளின் விளிம்புகள் மழுங்கிப் போனவையாகவே இருக்கின்றன. இந்தக் கல்லின் அழகைச் சொல்லி விற்பவர்கள் அதன் மென்மையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் பழுதின்றி இருந்திருக்கும்.

டைட்டனைட் என்பது கால்சியம் டைட்டானியம் சிலிக்கேட் கனிமம். கல் வணிகத்தில் இது ஸ்பீன் என்ற பெயரிலேயே பெரிதும் விற்கப்படுவதால், இரண்டும் வெவ்வேறு கற்கள் என்று எண்ண வேண்டாம். தூய நிலையில் இதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு டைட்டானியம் டை ஆக்சைடு. ஆயினும், டைட்டானியத் தொழில் இல்மனைட், ரூட்டைல் ஆகிய வேறு கனிமங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. இரும்பு கலந்தால் மஞ்சளும் பழுப்பும், குரோமியம் கலந்தால் செழும்பச்சையும் இக்கல்லுக்கு வாய்க்கின்றன.

இதன் சிறப்பு முழுவதும் ஒளியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. வெண்ணொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் நிறப்பிரிகை வைரத்துக்கு 0.044 என்றால், டைட்டனைட்டுக்கு 0.051. நல்ல வெளிச்சத்தில் கல்லை அசைத்தால் சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டைக்குப் பட்டை தாவுவது இதனால்தான். இத்துடன், உள்ளே நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரியும் இரட்டை விலகலும் இதில் மிக அதிகம். 10 மடங்கு பெரிதாக்கும் லென்சின் வழியே மேற்பட்டையினூடே நோக்கினால், பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். கல்லைத் திசையறிந்து வெட்டாவிட்டால் இந்த இரட்டிப்பே உட்புறத்தைப் புகைமூட்டமாக்கிவிடும் என்பதால், தேர்ந்த கைவினைஞர் பட்டை தீட்டிய சிறு கல்லை, கவனமின்றி வெட்டிய பெரிய கல்லைவிட உயர்வாகவே நான் மதிப்பேன்.

அடையாளம் காண்பதிலும் இந்த இரட்டிப்பு கைகொடுக்கிறது. கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண்ணை, வழக்கமான ஒளிவிலகல்மானி ஏறத்தாழ 1.81 வரைதான் அளக்கும். டைட்டனைட்டின் எண் அதற்கும் மேல் என்பதால், இரட்டைக் கோடுகளையே தேட வேண்டியிருக்கிறது. செயற்கைக் கல்லான கியூபிக் சிர்கோனியாவிலும் கண்ணாடியிலும் இரட்டைக் கோடுகள் தெரியா. இயற்கைக் கல்லான சிர்கான் இரட்டிப்பைக் காட்டினாலும் அதைவிடக் கனமானது. டைட்டனைட்டின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சுமார் 3.5 மட்டுமே.

இனி, வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டியது. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரை. சாதாரணத் தூசியிலேயே கடினத்தன்மை 7 கொண்ட குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருப்பதால், தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதே அதைக் கீறிவிடப் போதுமானது. படிகத்தில் எளிதில் பிளக்கக்கூடிய பிளவுத்தளங்களும் இருப்பதால், ஓங்கிப்பட்ட ஓர் அடியில் கல் பிளக்கவும் கூடும். ஆகவே காதணி, பதக்கம் ஆகியவையே இதற்கு உகந்தவை. மோதிரம்தான் வேண்டுமென்றால், கல்லின் விளிம்பைச் சுற்றிலும் உலோகம் மூடியிருக்கும்படி பதித்து, விசேஷ நாட்களில் மட்டும் அணியலாம்.

சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் தூய்மைப்படுத்தப் போதும். மீயொலிக் கருவியையும் நீராவியையும் அறவே தவிர்க்க வேண்டும். பற்றவைப்புச் சுடரின் வெப்பம் கல்லின் நிறத்தை மாற்றக்கூடும் என்பதால், நகையைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இது டைட்டனைட் என்று சொல்லி, கல்லைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.

நகைக்கு உதவாத சிறு படிகங்களுக்கும் மதிப்பு உண்டு. டைட்டனைட் உருவாகும்போதே சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அது சிதைந்து ஈயமாக மாறும் வேகம் தெரிந்ததே என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்து படிகத்தின் வயதைக் கணக்கிட முடியும். பாறை உருமாறும்போது டைட்டனைட் புதிதாக வளர்வது உண்டு. எனவே அப்பாறை எப்போது வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி உருமாறியது என்பதைப் புவியியலாளர்கள் இப்படிகங்களிலிருந்தே கண்டறிகிறார்கள்.