வெட்டிய கட்டையில் தளிர் எங்கிருந்து வருகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: லண்டனில் தங்கை வாங்கிய வீட்டைச் சுற்றி யூ (yew) என்னும் ஊசியிலை மர வேலி 3 மீற்றருக்கு வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறதாம். கட்டையாக வெட்டினால் பிழைக்குமா?

பிழைக்கும். ஊசியிலை மரங்களில் இப்படித் துணிந்து சொல்லக்கூடியவை மிகச் சில. நம் முற்றத்துத் தூஜாவையோ சைப்பிரசையோ பச்சை இல்லாத பழுப்புக் கட்டைவரை வெட்டிவிட்டால், அந்த இடம் கடைசிவரை வெறும் சுள்ளிதான். யூவோ கைத்தடிப் பருமனான மொட்டைக் கிளையிலும் துளிர்க்கும்.

காரணம் பட்டைக்குள் இருக்கும் உறங்கும் அரும்புகள். உறக்கம் என்றாலும் அவை சும்மா கிடப்பதில்லை. பட்டைக்கும் மரத்துக்கும் இடையில் வளரும் மாறிழையம் (cambium) ஆண்டுதோறும் புதிய வளையம் ஒன்றைச் சேர்த்துத் தண்டைத் தடிக்க வைக்கிறது. அரும்பு இருந்த இடத்திலேயே இருந்தால் மரத்துக்குள் புதைந்துபோகும். அதனால் வளையத்தின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வளர்ந்து, பட்டையோரமாகவே வந்துகொண்டிருக்கிறது. கட்டையைக் குறுக்காக அறுத்து இழைத்துப் பாருங்கள். உள்ளிருந்து பட்டைவரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடினால், அது ஓர் அரும்பு பல ஆண்டுகளாக வந்த வழி.

அதை எழுப்புவது எது? நுனியரும்பில் உருவாகும் ஒக்சின் என்ற வளர்ச்சி ஓமோன் கீழிறங்கிப் பக்க அரும்புகளை அடக்குகிறது என்று உயர்தர வகுப்பில் படித்திருப்பீர்கள். 1930களில் திமான், ஸ்கூக் என்ற தாவர ஆய்வாளர்கள் அவரைச்செடி நாற்றின் நுனியை வெட்டி, அங்கே ஒக்சினை வைத்துக் காட்டிய உண்மை அது. ஆனால் ஒக்சின் நகர்வது மணிக்கு சுமார் 1 சென்ரிமீற்றர். தூரத்து அரும்போ வெட்டிய சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு 2014இல் இதற்கு விடை தந்தது: முதலில் வந்து எழுப்புவது சீனி. நுனி விழுங்கிக்கொண்டிருந்த சீனி, உணவைக் கடத்தும் உரியத்தின் வழியே விரைந்து அரும்புக்குத் திரும்புகிறது.

ஆகவே சீனியை மாப்பொருளாகச் சேமித்து வைத்த கையிருப்பில்லாத மரத்தை வெட்டக்கூடாது. மலையகத்தில் கவ்வாத்துக்கு முன் தேயிலை வேரை வெட்டி அயடீன் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாப்பொருள் உண்டு, வெட்டலாம். நிறம் மாறாத செடியை வெட்டினால் பட்டுப்போகும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றுக்கு ஒதுக்கும் பணம் வீண் என்பவர்கள், இந்த ஒரு துளி அயடீன் எத்தனை செடிகளைக் காக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூவுக்கும் அதே கணக்கு. இலை மஞ்சளித்திருந்தாலோ அடியில் நீர் தேங்கினாலோ முதலில் அதைச் சரிசெய்து, உரமிட்டு, ஓராண்டு பொறுக்க வேண்டும். இளவேனில் தொடக்கத்தில், பறவைக் கூடு இல்லையென்று பார்த்துவிட்டு வெட்டலாம். முதலாண்டு ஒரு பக்கத்தை மட்டும் நடுத்தண்டை ஒட்டி வெட்டுங்கள். மறுபக்கத்து இலைகள் மரத்துக்குச் சோறு போடும். துளிர் நன்றாக வந்த பிறகே மறுபக்கம். 2 மீற்றர் உயரம் வேண்டுமானால் 15 சென்ரிமீற்றராவது தாழ்த்தி வெட்ட வேண்டும், புதுத் தளிர் அந்த இடைவெளியை நிரப்பும். தடித்த கிளையை முதலில் அடிப்புறம் மூன்றிலொரு பங்கு அறுத்த பிறகே மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை கிழிந்து உரிந்துவிடும்; உறங்கும் அரும்புகள் இருப்பதே அந்தப் பட்டையில்தான். காயத்துக்குத் தாரோ பெயின்ற்றோ பூசுவது வெறும் நம்பிக்கை, மரம் தானே மூடிக்கொள்ளும். அடியில் இலைமட்கு பரப்பி, முதல் கோடையில் வேர்மண் காயாமல் தண்ணீர் விட்டால் போதும்.

யூவின் இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. வெட்டிய கிளை காய்ந்தாலும் நஞ்சு போகாது. கையுறை போடுங்கள், ஆடுமாடோ குதிரையோ எட்டும் இடத்தில் கழிவைக் குவிக்காதீர்கள்.