ஆஸ்பத்திரிக்குப் போகும் செலவு: ரயில் சலுகையையும் இலவச வண்டியையும் கேட்டு வாங்குவது எப்படி

மருந்து இலவசம், டாக்டர் இலவசம், ஆனால் அங்கே போய்ச் சேரக் கையில் காசில்லை என்று சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர், வண்டிச் செலவையும் கூட வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, இந்த வாரம் ஒன்றை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறார். இத்தனைக்கும் அந்தச் செலவைக் குறைக்கவும், சில பேருக்கு முழுதாகவே இல்லாமல் செய்யவும் அரசு விதிகள் இருக்கின்றன. யாரும் தாமாக வந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். எல்லாத் திட்டங்களையும் இங்கே எழுதப் போவதில்லை. ஜனங்கள் அதிகம் அலைக்கழிக்கப்படும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ரயில். 2020 மார்ச் 20 முதல் ரயில்வே பெரும்பாலான கட்டணச் சலுகைகளை நிறுத்திவிட்டது. மூத்த குடிமக்கள் சலுகை போனது அப்போதுதான். அதிலிருந்து 'இப்ப எந்தச் சலுகையும் கிடையாது' என்று ஊரெல்லாம் பேச்சு, கவுன்ட்டரில் இருப்பவரே சில சமயம் அப்படிச் சொல்லிவிடுகிறார். அது தவறு. நான்கு வகை மாற்றுத்திறனாளிகளுக்கும், 11 வகை நோயாளிகளுக்கும், மாணவர்களுக்கும் இருந்த சலுகைகளை அன்றைக்கும் நிறுத்தவில்லை. கவுன்ட்டரில் 'இல்லை' என்றால் 'நோயாளிச் சலுகை கேட்கிறேன், சீனியர் சிட்டிசன் சலுகை இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே வேலை முடிந்துவிடும்.

யாருக்கு எவ்வளவு என்றால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பு, ஏசி சேர் காரில் 75 சதவீதம், இரண்டடுக்கு ஏசியில் 50 சதவீதம். கூட வரும் ஒருவருக்கும் உண்டு, ஆனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அவருக்கு 75 சதவீதம்தான். டயாலிசிஸுக்கோ சிறுநீரக மாற்று அறுவைக்கோ போகிறவர், இதய அறுவைக்குப் போகிறவர், தலசீமியா, ஹீமோபிலியா என்ற ரத்த நோய்கள் உள்ளவர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து மூன்றடுக்கு ஏசி வரை 75 சதவீதம், துணைக்கு வருபவருக்கும் அதே. காசநோயாளிக்கும் ஸ்லீப்பர் வரை 75 சதவீதம் உண்டு, துணைக்கும் உண்டு, ஏசியில் கிடையாது. எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு இரண்டாம் வகுப்பில் மட்டும் 50 சதவீதம்.

இதில் முதல் கண்ணி, நோயின் பெயர் மட்டும் போதாது, எதற்காகப் போகிறீர்கள் என்பதும் பார்க்கப்படும் என்பது. இதய நோயாளி என்றால் விதியில் எழுதியிருப்பது இதய அறுவை சிகிச்சைக்குப் போவது. பிரஷர் மாத்திரை மாற்றிக்கொள்ளவோ எக்கோ எடுக்கவோ போனால் அதில் வராது. சிறுநீரகம் என்றால் டயாலிசிஸ் அல்லது மாற்று அறுவை. வெறுமனே 'சிறுநீரகப் பிரச்சினை' என்று சான்றில் எழுதியிருந்தால் கவுன்ட்டரில் திருப்பிவிடுவார்கள், அந்த இடத்தில் அவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. புற்றுநோய், தலசீமியா, ஹீமோபிலியா, காசநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சையோடு அவ்வப்போது செய்யும் பரிசோதனைக்குப் போவதும் சேர்த்தி. பக்கவாதம், சர்க்கரை, மூட்டு வலி இவற்றுக்கெல்லாம் ரயிலில் நோயாளிச் சலுகை இல்லை. யாராவது 'வாங்கித் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்' என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரண்டாவது கண்ணி சான்றிதழ். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை எதைக் காட்டினாலும் சலுகை கிடைக்காது. ரயில்வே அச்சிட்டுள்ள அந்தந்த நோய்க்கான படிவத்தில், ஆஸ்பத்திரிக் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ரயில்வே இணையதளத்தில் படிவம் இருக்கிறது, பிரவுசிங் சென்டரில் எடுத்துக்கொண்டே போங்கள். ஆஸ்பத்திரியில் 'படிவம் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கக் கூடாது. கையில் வாங்கியதும் வாசலுக்கு வந்து பார்க்காதீர்கள், அந்த மேஜை முன்னாலேயே நின்று பாருங்கள்: பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா, முத்திரை படிக்கும்படி விழுந்திருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர். முத்திரை மை தீர்ந்து பாதி வட்டம்தான் விழுந்திருந்தது, ஆஸ்பத்திரிப் பெயரில் கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் தெரிந்தன. ஸ்டேஷனில் 'இது செல்லாது' என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முத்திரையை மறுபடி குத்தி வாங்க அவர் அத்தனை தூரம் திரும்பிப் போக முடியுமா? முழுக் கட்டணம் கொடுத்துத்தான் பயணம் செய்தார். மை போட ஆளில்லாத குறைக்கு நோயாளி காசு கொடுத்தார்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். எங்கிருந்து எங்கே என்று எழுதும் இடத்தில் ரயில் நிலையத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். வேலூர் சிஎம்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது காட்பாடியில். வேலூர் கன்டோன்மென்ட் என்று வேறொரு நிலையமும் இருக்கிறது. சான்றில் ஒன்று, டிக்கெட் கேட்பது இன்னொன்று என்றால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

சான்றை எப்போது கேட்பது? டாக்டர் அடுத்த தேதி எழுதித் தருகிறாரே, அந்த நிமிடத்தில். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று ஊருக்கு வந்துவிட்டால், உள்ளூர் ஆஸ்பத்திரி 'அங்கே போய் வாங்குங்க' என்று சொல்லும், அங்கே போவதற்குத்தானே டிக்கெட்டே கேட்கிறோம்! போகவும் வரவும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கவுன்ட்டரில் பதிவு செய்துவிடுங்கள், எந்த ஊர்க் கவுன்ட்டரிலும் திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுக்கலாம்.

கவுன்ட்டர் என்று சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். நோயாளிச் சலுகையை ஆன்லைனில் பதிவு செய்ய முடியாது. வீட்டிலிருந்தே செல்போனில் டிக்கெட் போட்டுத் தரும் பேரப் பிள்ளைகள் நல்லெண்ணத்தில் செய்துவிடுகிறார்கள், முழுக் கட்டணமும் போய்விடுகிறது. அப்புறம் சான்றைக் காட்டி வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்கள். ரயிலில் ஏறிய பிறகு டிக்கெட் பரிசோதகரிடம் காட்டினாலும் பயனில்லை. தட்கலில் எந்தச் சலுகையும் கிடையாது. சலுகை என்பதும் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான், முன்பதிவுக் கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் தனி. 'முழுத் தள்ளுபடி என்றார்களே, இது என்ன' என்று அங்கே சண்டை போட வேண்டாம், அது விதிப்படி சரி. துணைக்கு வருபவருக்குச் சலுகை நோயாளியோடு பயணம் செய்யும்போது மட்டும். ரிப்போர்ட் வாங்கத் தனியாகப் போகும் மகனுக்குக் கிடையாது.

டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் நின்றுவிட்டால், அவசர ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. எமர்ஜென்சி கோட்டா என்று கேளுங்கள். மருத்துவக் காரணத்தைச் சொல்லி, சான்று நகலையும் டிக்கெட்டில் இருக்கும் பிஎன்ஆர் எண்ணையும் வைத்து எழுதிக் கொடுக்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

சரி, ரயிலை விடுங்கள். அதைவிட அதிகம் பேர் பணத்தைப் பறிகொடுக்கும் இடம் பிரசவ வார்டு. ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஜூனிலிருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டி, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் அதற்கும் வண்டி, பிரசவம் முடிந்து வீட்டுக்குத் திரும்பவும் வண்டி, மூன்றும் இலவசம். உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஒரு வயது வரை இதே உரிமை உண்டு.

இங்கே நடக்கும் பெரிய குழப்பம், இதை உதவித்தொகைத் திட்டங்களோடு சேர்த்துக் குழப்புவது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு முதல் இரண்டு பிரசவம் என்ற வரம்பு இருக்கிறது, வறுமை நிலையும் பார்க்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு, 'மூணாவது குழந்தைக்கு வண்டி கிடையாதும்மா' என்று வார்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். வண்டிக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. எத்தனையாவது குழந்தை, என்ன ரேஷன் கார்டு, எந்த ஊர் என்று கேட்கவே வேண்டியதில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ரெஃபர் செய்யும் நேரம். ராத்திரியில் 'இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்பார்கள். வண்டி வர நேரமாகும் என்று சொல்லும்போது வாசலில் தனியார் ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பயத்தில் இருக்கும் கணவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அதில் 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதியிருக்கும். ஒரு ஆஸ்பத்திரியில் இதை நேரில் பார்த்தேன், அந்தப் பையன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான், பேனாவைக் கொடுத்தவரும் படித்துக் காட்டவில்லை. அந்த ஒரு வரி போதும், ரெஃபர் செய்யவில்லை, நீங்களாகவே போனீர்கள் என்று ஆகிவிடும். வண்டிக்கும் பொறுப்பு இல்லை, நடுவழியில் என்ன ஆனாலும் பொறுப்பு இல்லை. டாக்டர்தான் அனுப்புகிறார் என்றால் 'ரெஃபரல் சீட்டு கொடுங்க, 108 நீங்களே கூப்பிடுங்க' என்று நின்று கேளுங்கள். மருத்துவமனைகளுக்கு இடையே மாற்றுவதும் 108-இன் வேலைதான். அவர்கள் கூப்பிடத் தயங்கினால் நீங்களே 108-க்கு அடித்து, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று சொல்லுங்கள். ஆனால் உயிர் போகும் அவசரம் என்றால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள், கிடைக்கும் வண்டியில் ஏறுங்கள், ரசீதை மட்டும் வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குத் திரும்ப 108 வராது. அதற்குத் தமிழ்நாட்டில் 102 எண்ணில் தாய் சேய் ஊர்தி இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்குக் கேட்டால் 'வண்டி வெளியே போயிருக்கு' என்ற பதில்தான் வரும், ஒரே வண்டி பல ஊர்களுக்குப் போய் வருகிறது. முந்தின நாளே வார்டு நர்ஸிடம் சொல்லிப் பெயரை எழுத வையுங்கள். டிரைவருக்கு 'டீக்காசு' கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பச்சிளம் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பவர்களிடம் கேட்பதால்தான் யாரும் மறுப்பதில்லை.

108 பற்றி இன்னும் ஒன்று. அது அவசரத்துக்கான வண்டி. நாள் குறித்துப் போகும் டயாலிசிஸுக்கோ ஓபிக்கோ வராது, அதைக் கேட்டுத் திட்டு வாங்க வேண்டாம். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மட்டும். ஆஸ்பத்திரி நேரத்துக்கு அந்தப் பேருந்து வருகிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், வெளியூர்ப் பேருந்தில் ஏறிவிட்டால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் பேருந்து ஏறுகிறவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருமா என்று உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பயணமே தேவைப்படாமல் போகலாம்.

அரசு மருத்துவமனையில் யாராவது இறந்துவிட்டால் உடலை வீட்டுக்குக் கொண்டுவர 155377 எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. அந்த நேரத்தில் வாசலில் பேரம் பேச வருகிறவர்களிடம் சிக்காமல் இருக்க, இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள்.

மறுத்தால் என்ன செய்வது? வாயால் மறுக்கிறவரிடம் 'இதை எழுதித் தாங்க' என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். ரயில் விஷயம் என்றால் 139-இல் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். ஆஸ்பத்திரி, வண்டி விஷயம் என்றால் சுகாதார உதவி எண் 104, அதிலும் நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. புகாரில் தேதி, நேரம், வார்டு, யார் என்ன சொன்னார், எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று நான்கே வரியில் எழுதுங்கள், கதை வேண்டாம். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, 'இந்தத் தேதியில் இந்த வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன தாய்மார்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு வண்டி அனுப்பப்பட்டது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.