சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர் ஆக வேண்டுமா? முதலில் அங்கீகாரத்தைப் பாருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலும் வடசேரியிலும் 'ஒரே வருடத்தில் மாண்டிசோரி டீச்சர்' நோட்டீஸ்கள் கண்ணில் படும். அந்தப் படிப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. தனியார் நர்சரியில் சேர அது உதவும். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால், எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறோம், இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்று கேட்டுவிடுங்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால், பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம். பழைய ஆட்கள் டி.டி.எட். என்பார்கள். இதை நடத்தும் நிறுவனத்துக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். எங்கெங்கே இடம் இருக்கிறது என்று தேரூரில் உள்ள டயட்டில், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், விசாரிக்கலாம். பி.எட். இருந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள். குழந்தை வளர்ச்சி, மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதி, ஒவ்வொன்றும் 30 மதிப்பெண். மொழிப் பகுதியில் மலையாளமும் எடுக்கலாம் என்பது நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் கேரளத்தின் கே-டெட் வேறு, நம்முடைய டெட் வேறு. டெட் பாஸானாலே வேலை என்றும் இல்லை. நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி. அதற்கு டெட் கிடையாது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். சில நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் 2019 முதல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடக்கிறது.

சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கு வழி தனி. இந்திய மறுவாழ்வுக் குழுமம், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த சிறப்புக் கல்விப் பட்டயமோ சிறப்பு பி.எட்.டோ படிக்க வேண்டும். செவித்திறன், பார்வை, அறிவுசார் குறைபாடு என்று ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர முடியும். பட்டயத்துக்கு பிளஸ் டூ போதும், இரண்டு ஆண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் சிறப்புக் கல்விப் படிப்புகள் உண்டு.

படித்து முடித்தபின் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சி.ஆர்.ஆர். எண் என்பது அதுதான். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் இந்தத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதிவையும் தொடர்பயிற்சிப் புள்ளிகள் சேர்த்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

வேலை எப்படி இருக்கும்? சட்டைப் பட்டன் போடுவது நமக்கு ஒரு நொடி. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு, பட்டனைப் பிடிப்பது, துளைக்கு நேரே கொண்டுவருவது, பாதி நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது என்று பிரித்துச் சொல்லித்தர வேண்டும். பாதி நுழைக்க மட்டும் ஒரு வாரம் ஆகலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதி, எது வந்தது, எது வரவில்லை என்று குறித்துவைப்பதும் ஆசிரியர் வேலைதான். பொறுமை இல்லாதவர்கள் சேராமலிருப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அரசுப் பள்ளிகளில் பலர் ஒப்பந்த அடிப்படையில்தான் இருக்கிறார்கள். சம்பளத்தைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நம் மாவட்டத்தின் 9 ஒன்றியங்களில் உங்களுக்குப் பக்கத்திலுள்ள, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய், அங்குள்ள சிறப்பாசிரியரிடம் பேசிப் பாருங்கள். வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர வேண்டிய பிள்ளைகளும் அவர்கள் பொறுப்பில் உண்டு. அதைப் பற்றியும் கேளுங்கள்.